சியாமுக்குப் போன பாய்லர்

போர்ட் சுவெட்டன்ஹாம்,
18-2-1927

அன்புள்ள அக்கா வள்ளியம்மாவுக்கும் மச்சான் இராமலிங்கம் அவர்களுக்கும், தம்பி பக்கிரிசாமி வணங்கி எழுதுவது. நான் சுகம். பிரிக்பீல்ட்ஸில் நீங்களும் இராஜம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மச்சானுக்கு இருமல் விட்டதா?

இராஜம்மா இதை உனக்கு வாசித்துக் காட்டும்போது நிறுத்தி வாசிக்கச் சொல். செய்தி கொஞ்சம் நீளம்.

சீமையிலிருந்து வந்த பாய்லர் கப்பலைவிட்டு இறங்கிவிட்டது. முப்பது டன். சியாமில் ஈயம் தோண்டுகிற கப்பல் ஒன்று கட்டுகிறார்கள். அதன் நடு வயிற்றில் உட்கார வேண்டியது இது. ஒரே துண்டு, பிரித்துக் கொண்டுபோக வழியில்லை. ரயில் வண்டியில் ஏற்றினால் இரண்டு பக்கமும் ஒரு முழம் வெளியே நிற்கிறது. பாரந்தூக்கி அதைத் தூக்கியபோது வடம் முறுகிய சத்தத்தைக் கேட்டு, கணக்கு எழுதுகிற கிராணி குடையை மடக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

துரை என்னையே மண்டோராகப் போட்டிருக்கிறார். பன்னிரண்டு ஆட்கள் என் கீழே. பாலனும் வருகிறான். நம் ரயிலில் பாடாங் பெசார் எல்லைவரை, பிறகு சியாம் ரயிலில் ஒரு சின்ன ஸ்டேஷன்வரை, அதன் பிறகு ஒன்பது மைல் தரைவழி. அங்கே தண்டவாளம் கிடையாது. கட்டை பரப்பி, உருளை வைத்து, ஜாக்கியால் நெம்பி, வடம் பிடித்து இழுக்க வேண்டும்.

இன்று காலை பாய்லருக்கு மஞ்சள் துணி கட்டித் தேங்காய் உடைத்தோம். இனி அது தன் நிலையில் உட்காரும்வரை எங்கள் கூட்டத்தில் ஒருவரும் முகத்தில் கத்தி வைக்க மாட்டோம். எங்கள் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். போன வருஷம் பாலத்து இரும்பை இழுத்து முடிக்குமுன் உன் வாசலில் வந்து நின்றேன். தாடியைப் பார்த்துவிட்டு நீ அரிசி கொண்டுவந்து போடப் பார்த்தாய்.

வெள்ளிக்கிழமை வண்டி பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போகும். நடக்கிற வேகம்தான். வந்தால் பார்க்கலாம். இறங்கிச் சாப்பிட முடியாது. ஆனி மாதத்துக்குள் திரும்பிவிடுவேன்.

கீழ்ப்படிந்த தம்பி,
பக்கிரிசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
6-3-1927

கூடப்பிறந்த பக்கிரிக்கு, அக்கா வள்ளியம்மா வாய்நிறைய வாழ்த்திச் சொல்ல இராஜம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மச்சானுக்கு இருமல் குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

பாய்லரைப் பார்த்தேன். அப்பா, என்ன உருவம்! கறுப்பு யானை படுத்த மாதிரி. ரயில்வே குவார்ட்டர்ஸே தண்டவாளத்தோரம் கூடிவிட்டது. ஓரத்துக் கம்பத்தில் இடித்துவிடுமோ என்று ஆள் வைத்துப் பார்த்துப் பார்த்து நகர்த்தினார்கள். நீ அதன் தலைமாட்டில் ராஜா போல நின்றாய். புளிச்சோற்றுப் பொட்டலத்தை உனக்காகத்தான் எறிந்தேன். உன் கண் கம்பத்தின் மேலேயே இருந்தது. பாலன் எட்டிப் பிடித்துக்கொண்டான். அவன் உனக்குக் கொடுத்தானா, முழுங்கினானா என்று எழுது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வைகாசி வந்தால் இராஜம்மாவுக்குப் பத்தொன்பது. தாய்மாமன் நீ குத்துக்கல்லாக இருக்கும்போது நான் எதற்கு வெளியே மாப்பிள்ளை தேட வேண்டும்? உன் எட்டு வயதில், கப்பல் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு வந்த உன்னை இடுப்பில் வைத்து இந்தச் சீமைக்குக் கொண்டுவந்தவள் நான். அப்பா அம்மா இல்லாத உனக்காகப் பெண் கேட்க வேண்டியவளும் நான்தான், பெண்ணைக் கொடுக்க வேண்டியவளும் நான்தான். நீ திரும்பி வந்ததும் முடித்துவிடலாம். பெண்ணைப் பற்றி யோசிக்காதே. நான் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டாள். உன் சம்மதத்தை ஒரு வரி எழுது, போதும்.

வேளைக்குச் சாப்பிடு. சங்கிலி அறுந்தால் அதன் பக்கத்தில் நிற்காதே.

உன் அக்கா,
வள்ளியம்மா

மாமா, மேலே உள்ளது எல்லாம் அம்மா சொன்னது. எழுத்து மட்டும் என்னுடையது. இரா.


பாடாங் பெசார்,
22-4-1927

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் பக்கிரிசாமியின் வணக்கம். நான் சுகம். எல்லாருடைய சுகத்துக்கும் பதில் போடவும். புளிச்சோறு பாதி கிடைத்தது.

பேராக்கில் மலையைக் குடைந்து ரயில் போகிற இடம் ஒன்று இருக்கிறது. பாய்லர் அதற்குள் நுழையுமா என்று யாருக்கும் தெரியவில்லை. பாய்லரின் பருமனுக்குச் சரியாக மரத்தில் ஒரு சட்டம் செய்து, விளிம்பெல்லாம் சுண்ணாம்பு தடவி, வெறும் வண்டியில் நிறுத்தி முதலில் அனுப்பினோம். மறுபக்கம் வந்தபோது சட்டத்தின் ஒரு தோளில் சுண்ணாம்பு இல்லை. பாறை துடைத்துவிட்டது. அந்த இடத்தைக் கொத்தி எடுத்தார்கள். பிறகு பாய்லர் போயிற்று. நான் கூடவே நடந்தேன். உள்ளே என் கையை இடையில் நுழைத்துப் பார்த்தேன், உள்ளங்கை நுழைந்தது, முஷ்டி நுழையவில்லை.

எல்லையில் மாட்டிக்கொண்டோம். சுங்கத்து அதிகாரி பாய்லரை நிறுத்துக் காட்டச் சொன்னார். அவரிடம் இருப்பது அரிசி மூட்டை நிறுக்கிற தராசு. செய்த கம்பெனி எடையைப் பித்தளைத் தகட்டில் அடித்தே அனுப்பியிருக்கிறது என்று காட்டினோம். தகடு பேசாது, தராசுதான் பேசும் என்றார். அதற்குள் சித்திரை பிறந்தது. அவர்களுக்கும் அன்றுதான் புது வருஷம். ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். அவர் ஊருக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் தகட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாளை சியாமுக்குள் போகிறோம். தாடி அரிக்கிறது. மற்றவை பிறகு.

தம்பி,
பக்கிரிசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
28-5-1927

என் தம்பி பக்கிரிக்கு அக்காவின் ஆசிகள். வீட்டில் நோய் நொடி இல்லை. நீயும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும்.

உன் கடிதத்தில் மலை இருந்தது, பாறை இருந்தது, சுண்ணாம்புகூட இருந்தது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. வாயில் கொழுக்கட்டையா? பிறகு யோசித்தேன். மாப்பிள்ளைப் பையன் கல்யாணப் பேச்சில் பல்லைக் காட்டிக்கொண்டு ‘சரி’ என்பானா? வெட்கம். வேண்டாம் என்று எழுதவில்லை அல்லவா? மௌனம் சம்மதம்.

அதனால் வைகாசி முகூர்த்த வெள்ளியில் பூ வைத்துவிட்டேன். கேள் கூத்தை. பெண் வீட்டார் நானும் உன் மச்சானும். மாப்பிள்ளை வீட்டார் யார்? நான்தான். வாசலுக்கு வெளியே போய், தட்டை எடுத்துக்கொண்டு, உன் அக்காவாக உள்ளே வந்தேன். ‘எங்கள் தம்பிக்கு உங்கள் பெண்ணைத் தருவீர்களா’ என்று உன் மச்சானிடம் கேட்டேன். மனிதர் சிரிக்காமல் ‘தருகிறோம்’ என்றார். வெற்றிலை பாக்கைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு சந்திரகலா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். இருக்கட்டும். நாலு பேர் முன்னால் பெண் தலையில் பூ ஏறிவிட்டது. இனி யார் வந்து கேட்டாலும் இவள் பக்கிரிசாமிக்கு என்று பேசியாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம்.

இரும்பைப் போட்டுவிட்டுச் சீக்கிரம் வா.

அக்கா,
வள்ளியம்மா

பூ மல்லிகை. இரா.


சியாம்,
3-7-1927

அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம். நான் சுகம். பாலனுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து விட்டது.

ஸ்டேஷனில் பாய்லரை இறக்கிவிட்டோம். இறக்குகிற மேடை தாங்காது என்று அதன் அடியில் தண்டவாளக் கட்டைகளை அடுக்கி ஒரு மலையே கட்டினோம். இப்போது தரைவழியில் இருக்கிறோம். ஒரு நாள் முந்நூறு கஜம், ஒரு நாள் ஐம்பது கஜம். முன்னால் கட்டை போடுவது, பின்னால் கடந்த கட்டையைப் பிடுங்கி முன்னால் கொண்டுவருவது. மழை பெய்தால் உருளை மண்ணுக்குள் போய்விடுகிறது.

பூ வைத்த விஷயம் அறிந்தேன். பாதி வழியில் ஒரு மரப்பாலம் இருக்கிறது. அதன் கால்கள் உளுத்துப்போயிருக்கின்றன. மாற்றாமல் ஏற்ற முடியாது.

பாலத்தின் இந்தக் கரையில் ஒரு பெண்பிள்ளை சோற்றுக்கடை வைத்திருக்கிறாள். சியாம்காரி, பேர் சொம். மலாய் தெரியும், அதனால் பேச்சுக்குக் கஷ்டமில்லை. நாங்கள் பதின்மூன்று பேரும் அங்கேதான் சாப்பிடுகிறோம். குழம்பில் காரம் போதாது என்று பாலன் சொன்னான். மறுநாள் அவள் போட்ட மிளகாயில் எல்லாரும் கண்ணீர் விட்டோம். ‘போதுமா?’ என்று கேட்டாள்.

ஆவணிக்குள் முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது.

பக்கிரிசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
30-7-1927

செல்லத் தம்பிக்கு அக்காவின் வாழ்த்து. நாங்கள் சுகம். பாலனின் காய்ச்சலுக்குச் சுக்கு அனுப்புகிறேன். எலுமிச்சை ஊறுகாய் உனக்கு. இந்தத் தடவை அவன் கையில் சிக்கவிடாதே.

பூ வைத்த விஷயம் அறிந்தாயாக்கும்! சந்தையில் கத்தரிக்காய் விலை அறிந்தது போல எழுதுகிறாயே. போகட்டும். ஆடு மேய்க்கப் போனவனிடம் ஆட்டைப் பற்றித்தான் பேச முடியும். பாலத்தை நன்றாகக் கட்டு. ஆவணி தவறினால் தை. அதற்கு மேல் ஒரு நாள் பொறுக்க மாட்டேன்.

அந்தக் கடைக்காரருக்கு என் கும்பிடு சொல். அந்நியச் சீமையில் என் தம்பிக்குச் சோறு போடுகிற மனிதர் நன்றாக இருக்க வேண்டும். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டா? பிள்ளைகள் இருந்தால் சொல், முறுக்கு சுட்டு அனுப்புகிறேன்.

இராஜம்மா கைத்தையல் பழகுகிறாள். தலையணை உறையில் பூப்போடுகிறாள். இரண்டு உறை முடிந்தது.

அக்கா,
வள்ளியம்மா

மாமா, உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எப்படி வாசிக்க வேண்டுமோ அப்படி வாசித்தேன். இரா.


சியாம்,
11-9-1927

அக்காவுக்கு வணக்கம். எல்லாரும் சுகமா? ஊறுகாய் வந்தது.

பாலத்தின் கால்களை மாற்றிவிட்டோம். ஏற்றும்போது நடுவில் ஒரு உத்தரம் பிளந்தது. பாய்லர் ஆற்றுப் பக்கம் ஒரு சாண் சாய்ந்தது. வடத்தை விட்டால் போச்சு. மூன்று மணி நேரம் ஒருவரும் கையை எடுக்கவில்லை. பழனியப்பன் உள்ளங்கைத் தோல் வடத்தோடு வந்துவிட்டது. அடியில் கட்டை செருகி, ஜாக்கி வைத்து, மெல்ல மெல்ல நிமிர்த்தினோம். சொம் தகப்பனார் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்து உதவினார். இப்போது பாய்லர் அக்கரையில், சேற்றில் நிற்கிறது. மழை விட்டால்தான் நகரும்.

கஞ்சிப் பானை சரிந்து சொம் கையில் கொட்டிவிட்டது. வலது கை. வாழைப்பட்டைச் சாறு தடவினோம். தழும்பு நிற்காது என்கிறார்கள்.

தையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

பக்கிரிசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
30-10-1927

பக்கிரிக்கு அக்கா. சுகமாகத்தான் இருக்கிறோம்.

தீபாவளிக்கு உன் கடிதம் வரவில்லை. போன மாதம் போட்டதற்கும் பதில் இல்லை. உனக்கு எடுத்த வேட்டி பெட்டியில் கிடக்கிறது. மழை விட்டதா, பாய்லர் நகர்ந்ததா, நீ சாப்பிட்டாயா, ஏதாவது ஒன்று எழுது. கடைக்காரரிடம் சொல்லியாவது நாலு எழுத்துப் போடச் சொல்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்,
8-12-1927

அன்புள்ள மாமாவுக்கு இராஜம்மா வணக்கம். அப்பா சுகம். அம்மா சுகமில்லை. இந்தக் கடிதம் அம்மா சொல்லி எழுதுவதல்ல. நான் எழுதுகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பாலன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நீங்கள் கொடுத்த பட்டுத் துணியை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

“பாய்லர் எங்கப்பா நிக்குது?” என்று கேட்டாள்.

“பாலத்துக்கு அந்தாண்டயே நிக்குதுக்கா. சேறு காயணும்லா. அண்ணன் அத வுட்டுட்டு வர முடியுமா? எனக்கு வீட்ல அவசரம், அதான் முன்னால வந்தேன்.”

ஒப்பித்தது மாதிரி சொன்னார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் தம்பி, முகம் நல்லா பளபளன்னு இருக்கே. சவரம் எங்க பண்ணுன?”

“ஹாட்யாய் பாசார்லக்கா. சீன நாவிதன். காதுக்குள்ளகூட…”

காப்பி வாய்க்குப் போகவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. நிலையில் உட்காராமல் உங்கள் கூட்டத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டீர்கள் என்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். “டேய், பாய்லர் உக்காந்து எத்தன நாளாச்சு?” என்று அம்மா எழுந்தாள். “அண்ணன் நல்லாருக்காருக்கா, சத்தியமா நல்லாருக்காரு” என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மாமா, அம்மா என்ன நினைக்கிறாள் தெரியுமா? உங்களுக்குக் கால் போய்விட்டது, அதனால் மறைக்கிறீர்கள் என்று நினைக்கிறாள். இரண்டு நாளாக ராத்திரிச் சாப்பாடு இல்லை. மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். அப்பாவை லீவு போட்டு சியாமுக்குப் போகச் சொல்கிறாள். “கால் இல்லன்னா என்னா? எம் பொண்ணு வச்சுக் காப்பாத்துவா” என்று சந்திரகலா அக்காவிடம் சொல்லி அழுகிறாள்.

குடையைக் கொடுக்க நான் வாசல்வரை ஓடினேன். ‘அந்தக் கடைக்காரியா அண்ணே?’ என்று கேட்டேன். “என்னைக் கேக்காத தங்கச்சி” என்று சொல்லிவிட்டுக் குடையை வாங்காமலே நடந்தார். எனக்கு அது போதும்.

அவளைப் பற்றி நீங்கள் எழுதிய இடமெல்லாம் அம்மாவுக்குக் கடைக்காரர் என்று வாசித்துக் காட்டியிருக்கிறேன். சொம் என்ற பேரை விட்டுவிட்டேன். அவள் பேர் வந்த முதல் கடிதத்திலேயே எனக்குத் தோன்றிவிட்டது. அடுத்த கடிதத்தில், பழனியப்பன் கையில் தோல் உரிந்ததை ஒரு வரியில் முடித்த நீங்கள், கஞ்சி கொட்டிய அவள் கைக்கு என்ன மருந்து, தழும்பு நிற்குமா நிற்காதா என்பதுவரை எழுதியிருந்தீர்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாலு பேர் முன்னால் பூ வைத்த பெண்ணை வேறு யாரும் கேட்டு வர மாட்டார்கள். நீங்கள் வரவும் இல்லை, விடவும் இல்லை என்றால் நான் இந்த வீட்டில் தலையணை உறை தைத்துக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான். முப்பது டன் இரும்பை எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தெரிந்தது. ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல்லை இந்தப் பக்கம் அனுப்பத் தெரியவில்லையா? அம்மா பேருக்கே எழுதுங்கள். எழுதியதை மாற்றாமல் வாசித்துக் காட்டுகிறேன். எனக்காக நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இராஜம்மா


சியாம்,
30-12-1927

அக்காவுக்கும் மச்சானுக்கும் பக்கிரிசாமி வணக்கம். எனக்குக் கை கால் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

பாய்லர் ஐப்பசியிலேயே நிலையில் உட்கார்ந்துவிட்டது. நெருப்பும் போட்டாகிவிட்டது. பாலனிடம் பொய் சொல்லச் சொன்னது நான். அவனைத் திட்டாதே.

அக்கா, நான் இராஜம்மாவைக் கட்டிக்கொள்ள மாட்டேன். சோற்றுக்கடை வைத்திருப்பது ஆண்பிள்ளை அல்ல. சொம் என்கிற பெண். அவளோடு இருக்கிறேன். இந்த ஊர்க் கல்யாண முறைப்படி பெரியவர்கள் எங்கள் கையில் நூல் கட்டினார்கள். இங்கேயே ஈயக் கப்பலில் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

உன்னிடம் மாட்டேன் என்று எனக்குச் சொல்லிப் பழக்கமில்லை. நீ கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எழுத உட்கார்ந்து பாய்லரைப் பற்றி எழுதிவிட்டு எழுந்தேன். பூ வைத்தது செல்லாது என்று நாலு பேரிடமும் சொல்லிவிடு. தப்பு என்னுடையது, பெண்மேல் ஒன்றுமில்லை என்று சொல்.

பக்கிரிசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
22-1-1928

பக்கிரிக்கு, அக்கா வள்ளியம்மா சொல்வது. வாழ்த்து இன்னும் வாயில் வரவில்லை. வரும்போது சொல்கிறேன். உனக்கு இரண்டு காலும் இருக்கிறது என்று தெரிந்த அன்றே மாவிளக்குப் போட்டுவிட்டேன். நேர்ந்தது நேர்ந்ததுதான்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்று தடவையும் அதே சொல்தான் இருந்தது. அடப்பாவி, நான் என்ன புலியா, சிங்கமா? மாட்டேன் என்று நேரில் சொல்லியிருந்தால் முதுகில் நாலு போட்டிருப்பேன். போட்டுவிட்டுச் சோறும் போட்டிருப்பேன். அவ்வளவுதானே? அதற்கா பத்து மாதம் பாறையும் பாலமும் சேறும் எழுதினாய்? நான் இங்கே பைத்தியக்காரி மாதிரி வாசலுக்கு வெளியே போய் உள்ளே வந்தேன்.

உன் மச்சான் கடைக்குப் போனார். வெற்றிலை பாக்கு வாங்கிவந்து தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். ‘உங்கள் தம்பி வீட்டுத் தாம்பூலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார். வாங்கிக்கொண்டேன். சந்திரகலா இந்தத் தடவை சிரிக்கவில்லை. பூ செல்லாது என்று அந்த நாலு பேர் வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி இவளுக்கு வெளியே பார்ப்பேன். கார்த்திகேசு என்பவர், பந்திங் தோட்டத்தில் கிராணியாக இருக்கிற ஒரு பையனைச் சொல்லியிருக்கிறார். முடிந்தால் தாய்மாமன் சீர் செய்ய நீ வந்து நிற்க வேண்டும். அதற்கும் மாட்டேன் என்று எழுதினாயோ, நானே சியாமுக்கு வந்துவிடுவேன். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. இத்தனை மாதம் என் தம்பிக்குச் சோறு போட்டவளை நான் வாசலில் நிறுத்திவைக்க மாட்டேன். கைப் புண் ஆறிவிட்டதா என்று கேட்டுச் சொல். அவள் கையில் புண் என்பதே பழைய கடிதங்களை மறுபடி வாசிக்கச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. இந்தப் பெண் அதையும் வாசிக்காமல் விட்டிருக்கிறாள்.

இதை எழுதுவதற்குள் இராஜம்மா இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மை தீர்ந்துவிட்டது என்றாள். புட்டியில் மை இருக்கிறது. “ஏன்டி அழுவுற?” என்று கேட்டேன். அழவில்லை என்கிறாள். தலையணை உறை ஆறு முடிந்திருக்கிறது. எதற்கு ஆறு என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

பக்கிரி, உன்னைக் கேட்டேன். உன் மச்சானைக் கேட்டேன். என்னை நானே கேட்டுக்கொண்டு நானே சரி சொன்னேன். இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளுக்கு உன்மேல் ஆசை இருந்திருக்கிறது. பெற்றவளுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

அதையும் எழுதடி என்றேன். தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று பார்க்க எனக்கு எழுத்துத் தெரியாது.

அக்கா,
வள்ளியம்மா